துறைத்தலைவரின் மூக்கும் என் தம்பியின் காதும்

எங்கள் துறைத்தலைவரின் மூக்கை உடைத்தது நான்தான். என் தம்பி இல்லை. போலீஸ் காகிதத்திலும் கோர்ட்டுக் காகிதத்திலும் அவன் பெயர்தான் இருக்கிறது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். காகிதத்தில் துளை போடும் இரும்பு மெஷின் ஒன்று அவர் மேசையில் இருந்தது. பழைய காலத்து மெஷின், கையில் எடுத்தால் கனம் தெரியும். அதைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். அடித்தபோது நன்றாக இருந்தது. இதை மறைத்து நல்ல பெண்ணாக நடிக்க எனக்கு வராது.

நான் எர்ணாகுளத்தை அடுத்த களமசேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கும் மின்சுற்றும் நடத்துகிறவள். வீடு பாலம் தாண்டி மட்டாஞ்சேரியில், அரிசி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கிக்கு மேல்மாடி. எங்களுடையது அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். தம்பி அதே தெருவில் சுக்கும் மிளகும் வைக்கிற கிட்டங்கியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் கோபம் அப்பாவிடமிருந்து வந்தது. அவன் கோபம் ஊருக்கே தெரியும், ஏனென்றால் அவன் கத்துவான். நான் கத்தமாட்டேன். அதனால் என்னைப் பொறுமைசாலி என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சைப் பேப்பர் திருத்துவதில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு மாணவன் பன்னிரண்டு வரி கணக்குப் போடுகிறான், நான்காவது வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிடுகிறான் என்று வையுங்கள். அதற்குப் பிறகு எல்லாம் தப்பு. மற்ற ஆசிரியர்கள் பக்கம் முழுவதும் குறுக்கே அடிப்பார்கள். நான் அந்த நான்காவது வரிக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். விடை சொல்லமாட்டேன். இங்கிருந்து மறுபடி போடு, அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் திட்டுவார்கள், பிறகு அந்தக் கோட்டைத் தேடி வருவார்கள்.

ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் மணிக்கட்டு என்ன ஆகும்? அதனால் இந்த வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் எழுதினேன். பிள்ளைகள் தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினால், அது வரி வரியாகப் படித்து முதல் தப்பைக் கண்டுபிடித்து அதன் கீழே சிவப்புக் கோடு போடும். மூன்று வருட விடுமுறைகள் அதற்குப் போயின. கையெழுத்துகளைப் படிக்க அதைப் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான பழைய விடைத்தாள்கள் வேண்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் சுக்கு காயப்போடும் மொட்டைமாடியில் ஒவ்வொரு தாளாக விரித்துப் படம் பிடித்தவன் தம்பிதான். வெயிலில் அவன் கழுத்து கருத்துப்போனது.

அது வேலை செய்ய ஆரம்பித்ததும் கல்லூரிக்குள் நடந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரையாகப் படித்தேன். வெளியே எங்கும் அச்சாகவில்லை. எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எழுதிய கட்டுரையானாலும் துறைத்தலைவர் பெயர் முதலில் வரும். அவர் கேட்கமாட்டார், நாங்களாகவே போடுவோம். கல்யாணப் பத்திரிகையில் வீட்டுப் பெரியவர் பெயரை மேலே போடுகிற மாதிரி. கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு பத்தியும் உண்டு. எனக்கு முன்னால் எழுதியவர்களின் கட்டுரையிலிருந்து அதை அப்படியே எடுத்து ஒட்டினேன்: இந்த ஆய்வின் கருத்தைத் தந்து ஒவ்வொரு கட்டத்திலும் வழிநடத்திய துறைத்தலைவருக்கு நன்றி. அவர் தந்தது ஒன்றுமில்லை. ஒருநாள் என் அறைக்கு வந்து, கணினி விசிறி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டார். அதுதான் அவர் பங்கு.

முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. தம்பியின் பெயர் எங்குமே இல்லை. போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை துறைத்தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ். பெங்களூரில் கல்லூரிகளுக்கு மென்பொருள் விற்கிற ஒரு நிறுவனம் அனுப்பியது. மாணவர் தாளில் முதல் பிழையைக் கண்டறியும் முறைக்குத் தாங்கள் பேடன்ட் கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும், அதே போன்ற மென்பொருளை உங்கள் கல்லூரி பயன்படுத்துவதாகத் தெரிவதாகவும், உடனே நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் என் எதிரில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

நம் நாட்டில் வெறும் மென்பொருளுக்குப் பேடன்ட் கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் அதோடு ஒரு கேமராவையும் ஒரு தாங்கியையும் சேர்த்து ஓர் இயந்திரம் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாங்கியின் படம் நோட்டீஸோடு இருந்தது, பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது. தாள்களைப் படம் பிடிக்கும்போது போனை வைப்பதற்காகத் தம்பி மொட்டைமாடியில் பழைய மிளகுப் பெட்டியின் பலகையை அறுத்துச் செய்தது அது. கோணல்கூட அப்படியே இருந்தது.

"டீச்சரே, இதை அழிச்சிடணும்" என்றார் அவர், மலையாளத்தில், ரொம்ப சாதாரணமாக. "பிள்ளைகள் போனில் இருப்பதையும் சேர்த்து. நமக்கு எதுக்குக் கேசும் கூட்டமும்?"

"இது நான் எழுதியது சார்."

"எழுதினது டீச்சர்தான், யாரு இல்லேன்னு சொன்னா? ஐடியா என்னோடதுன்னு டீச்சர்தானே எழுதிக் கொடுத்திருக்கு" என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து என் கட்டுரையை எடுத்து நன்றிப் பத்தியைத் திருப்பிக் காட்டினார். அதன் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார்.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியாது. மெஷின் என் கையில் இருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. சாயா கவிழ்ந்து நோட்டீஸ் மேல் ஓடியது, அதன் மேல் ரத்தம். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். இரண்டாவது தடவையும் ஓங்கினேன். அது விழுந்திருந்தால் அவர் செத்திருப்பார். விழ விடாமல் என் கையைப் பிடித்தது தம்பி. அன்று தனியார் பஸ் ஓடவில்லை, என்னை அழைத்துப்போக பைக்கில் வந்து வெளியே காத்திருந்தவன் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்திருந்தான். மெஷினை என் கையிலிருந்து பிடுங்கினான். அப்போதுதான் ஆட்கள் கதவைத் திறந்தார்கள்.

அவர்கள் பார்த்தது இதைத்தான்: ரத்தம் ஒழுகத் துறைத்தலைவர், சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும் ஒரு டீச்சர், கையில் இரும்போடு மட்டாஞ்சேரிக்காரன் ஒருவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டாஞ்சேரி என்றால் அடிதடி. வேறு யாரையும் சந்தேகிக்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"யார் சார்?" என்று அலுவலக உதவியாளர் கேட்டார். துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, என்னைத்தான் பார்த்தார். பிறகு விரலைத் தம்பி பக்கம் நீட்டி, "அவன்" என்றார்.

ஏன் என்று அப்போது புரியவில்லை. புரிய ஒரு வாரம் ஆனது. தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம், சேலை கட்டிய ஒருத்தியிடம், அடி வாங்கினேன் என்று அந்த மனிதரால் ஊரில் சொல்லிக்கொள்ள முடியாது. ரவுடியிடம் அடிபட்டால் அனுதாபம் கிடைக்கும்.

தம்பியை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். முற்றத்தில் கல்லூரி பஸ் ஓட்டுகிற ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் அடித்தார்கள். முதலில் கையால், பிறகு பெல்ட்டால். ஒருவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கையை விரித்து இடது காதோடு சேர்த்து அறைந்தான். தம்பி அப்படியே முட்டி போட்டு விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அவன் திருப்பி ஓர் அடிகூட அடிக்கவில்லை. அவனால் அவர்களில் மூன்று பேரையாவது சாய்த்திருக்க முடியும். கீழேயிருந்து என்னைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், வேண்டாம் என்று.

நான் மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் அடித்தேன் என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். வாய் திறக்கவில்லை. என்னைச் சுற்றி மாணவர்கள் நின்றிருந்தார்கள். ஒரு மாணவி என் தோளைத் தொட்டு, "மிஸ், பயப்படாதீங்க, போலீஸ் வருது" என்றாள்.

ஜாமீனில் வெளியே வந்த அன்று ஆஸ்பத்திரியில் அவன் காதைப் பார்த்தார்கள். சவ்வு கிழிந்து உள்ளேயும் அடிபட்டிருந்தது. இனி அந்தப் பக்கம் கேட்காது என்றார் டாக்டர். வெளியே வந்ததும், அடித்தது நான்தான் என்று போலீஸில் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, நீ ஒண்ணும் மிண்டாதே, வாயைத் திறக்காதே" என்றான். "எனக்கென்ன, கிட்டங்கியில மூட்டை பாக்குறவன். நீ டீச்சராக்கும். ஜோலி போயிட்டா உன் சாதனத்துக்கு ஆரு பேசுவா? கேஸை ஜெயிச்சிட்டு வா, அது மதி, வேறொண்ணும் வேண்டாம்."

இப்படிச் சொன்னவனுக்கு ஷார்ஜாவில் ஒரு பெரிய கிட்டங்கியில் வேலை உறுதியாகியிருந்தது. பத்து வருடமாக அவன் காத்திருந்த வேலை. போலீஸ் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது, கேஸ் முடியாமல் சான்றிதழ் இல்லை. அங்கே எட்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார்கள்.

என் வேலை போகவில்லை. காகிதப்படி நான் எதுவும் செய்யவில்லையே! அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அதே துறையில், அதே வராந்தாவில், பிளாஸ்திரி ஒட்டிய அந்த மூக்கைத் தினமும் பார்த்தேன். பிளாஸ்திரி போன பிறகு மூக்கு வலது பக்கம் சாய்ந்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் இடது பக்கமும் ஒன்று கொடுத்து நேராக்கலாம் என்று தோன்றும். துறைக் கூட்டங்களில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எர்ணாகுளத்தில் பேடன்ட் வேலை மட்டும் பார்க்கிற ஒரு பெண் வக்கீலைப் பிடித்தேன். பேடன்ட் இன்னும் கொடுக்கப்படவில்லை, இப்போது யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்றார். அவர் முதலில் காட்டியது சுலபமான வழி. இது ஏற்கெனவே உங்கள் வகுப்பில் புழக்கத்தில் இருந்தது, புதியது அல்ல என்று வாதாடலாம், யாருக்குமே பேடன்ட் கிடைக்காது, பிள்ளைகள் இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். நான் கேட்கவில்லை. யாருக்கும் இல்லை என்பது எனக்குப் போதாது. அவர் என்னிடமிருந்து திருடினார் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத வேண்டும். அதை மட்டும் வைத்து வாதாடுங்கள் என்றேன். வக்கீல் பேனாவைத் திறந்து அப்படியே எழுதிக்கொண்டார்.

நான்காவது மாதம் எதிர்த்தரப்பிலிருந்து தூது வந்தது. எதிர்ப்பு மனுவை வாபஸ் வாங்கினால், துறைத்தலைவர் கோர்ட்டில் ராஜியாகிவிடுவார். தம்பி மேல் கேஸ் முடிந்துவிடும்.

நல்ல அக்கா என்றால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பாள். நான் போடவில்லை. அப்படி ஒரு தூது வந்ததைத் தம்பியிடம் சொல்லவும் இல்லை. முதலில் ஜெயிக்கிறேன், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது மாதம் போனது, ஆறாவது மாதம் போனது.

தம்பிக்குக் கிட்டங்கியில் வேலை ஓடவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டான், கேலி செய்தார்கள். பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேட்காமல் போனபோது, செவிடா என்று சொல்லிவிட்டார். அந்த ஆளின் பித்தளைச் சாமான்களையெல்லாம் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்துவிட்டு வந்தான். கை கால் எல்லாம் ரத்தம். நான் மருந்து போட உட்கார்ந்தேன். அவர் போலீஸுக்குப் போயிருந்தால் கேஸ் மேல் கேஸ் ஆகியிருக்குமே, மூளை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

டிஞ்சர் பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். "எனக்கா மூளை இல்லே? உன் வேலையில அவன் பேரு. உன் அடியில என் பேரு. அவன் எடுத்துக்கிட்டான், நான் கொடுத்தேன். வித்தியாசம் உனக்குத் தெரியுதா அக்கா? எனக்கு இப்ப தெரியலே."

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து உட்கார்ந்து பொறுக்கினான். "வெஷமிக்க வேண்டாம், மனசுல வெச்சுக்காதே, கோவத்துல பறஞ்சேன்" என்றான். எனக்கு அவன் திட்டியதைவிட இது வலித்தது.

ஏழாவது மாதம் விசாரணை வந்தது. சென்னை பேடன்ட் அலுவலகத்திலிருந்து வீடியோவில். வக்கீலின் அறையில் உட்கார்ந்தேன். திரையில் அதிகாரி ஒரு கட்டத்தில், துறைத்தலைவர் ஒரு கட்டத்தில், அவர் பக்கத்து வக்கீல் ஒரு கட்டத்தில். என் குறிப்பேடுகள், மென்பொருளின் பழைய பிரதிகள் எல்லாம் கொடுத்திருந்தோம். அவற்றையெல்லாம் எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை. இவர் எழுதியது உண்மைதான், சொன்னதை எழுதினார், கருத்து தலைவருடையது என்றார்கள். பிறகு என் கட்டுரையைத் திரையில் காட்டினார்கள்.

அதிகாரி தமிழர். என் பெயரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "இந்தக் கட்டுரை நீங்க எழுதினதாம்மா?"

"ஆமாம் சார்."

"முதல் பெயர் யார் போட்டது?"

"நான்தான்."

"நன்றின்னு இருக்கற பாராவும்?"

"அதுவும் நான்தான். அது எங்கள் துறை வழக்கம் சார். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். அது உண்மை இல்லை."

"உண்மை இல்லைன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டீங்களா?"

துறைத்தலைவர் கோணல் மூக்கைத் தடவிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. மேசை மேல் வக்கீலின் கண்ணாடிக் காகித எடை இருந்தது. என் விரல்கள் அதைச் சுற்றிவிட்டன. திரையில் இருக்கிறவரை எதை வைத்து அடிப்பது? வக்கீல் மெதுவாக என் கையிலிருந்து அதை வாங்கி இழுப்பறையில் வைத்தார்.

இணைப்பைத் துண்டித்த பிறகு அவர் ஒளிக்காமல் சொன்னார். "தோத்துட்டோம். ஆர்டர் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா அந்தப் பாராவுக்கு மேல ஒரு அதிகாரி போகமாட்டார். அவங்களுக்கு இது இன்னும் உறுதியாத் தெரியாது. அந்த ராஜிப் பேச்சு இப்பவும் நிக்குது. ஆர்டர் வந்துட்டா நிக்காது. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை."

அங்கேயே, அந்த மேசையிலேயே, வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டேன். ஜெயிக்க வாய்ப்பு இருந்தவரை தம்பியை நிறுத்தி வைத்திருந்தேன். வாய்ப்பு போன அன்று, போன அதே மணியில், அவனை விட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

கோர்ட்டில் ராஜியானது. துறைத்தலைவர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கு இவர் மேல் விரோதம் இல்லை என்று சொன்னார். சான்றிதழ் எட்டாவது மாதக் கடைசியில் கைக்கு வந்தது. அன்று வீட்டுக்கு வந்த தம்பி படியேறும்போதே அழுதுகொண்டு வந்தான். ஜெயிக்க இருந்த கேஸை அக்கா தனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவனாகவே அப்படி நினைத்துக்கொண்டான். என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். அந்தக் கைகள்தானே அந்த மெஷினைத் தூக்கின.

"எந்தினாக்கும் அக்கா, எதுக்கு இப்படிப் பண்ணினே? மூணு வருஷம் உசிரைக் கொடுத்தியே. எனக்காகவா?"

அவன் என்னை ஓங்கி அறைந்திருக்கலாம். நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். அவன் அழுதான். இல்லையடா என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் அவன் தலையைத் தடவி, "விடு, உன்னைவிட அதா பெரிசு?" என்றேன்.

இப்போது அவன் ஷார்ஜாவில் இருக்கிறான். மென்பொருளை அந்த பெங்களூர் நிறுவனத்திடமிருந்து எங்கள் கல்லூரியும் வாங்கிவிட்டது, துறைத்தலைவர் ஊர் ஊராகப் போய் அதைப் பற்றிப் பேசுகிறார். தம்பி வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவான், வலது காதைப் போன் பக்கம் சாய்த்துக்கொண்டு. போன வாரம் தன்னோடு வேலை செய்கிற ஒரு சேட்டனைப் போனுக்கு முன்னால் இழுத்து, "இதாக்கும் என் அக்கா. எனக்கு வேண்டி எல்லாத்தையும் விட்டவ" என்று சொன்னான். அந்தச் சேட்டன் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இதை மலையாளத்தில் எழுதினால் அவன் படித்துவிடுவான். தமிழ் அவனுக்குப் பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதினேன்.